ஃபில்டர் காப்பிக் கையோடு துருக்கிக் காப்பி போடப் பழகுவது

முதல் முறை துருக்கிக் காப்பி குடித்ததை நினைத்தால் இன்றைக்கும் பல்லிடுக்கில் நறநறக்கிறது. வேலைக்காக இஸ்தான்புல் போய் இறங்கிய முதல் வாரம் அது. எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டி, கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, நம் டம்ளரில் பாதிகூட வராத ஒரு குட்டிக் கோப்பையில் காப்பி கொடுத்தார். பெரியவர்கள் கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை நான், அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டேன். அடியில் படிந்திருந்த மண்டி மொத்தமும் வாய்க்குள். துப்ப இடமில்லை, விழுங்கத் தொண்டை ஒப்பவில்லை, அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டே தண்ணீரை நீட்டினார்.

அப்புறம் இரண்டு வருஷம் அவரைத் தெய்ஸே, தெய்ஸே என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் அடுப்படியிலேயே நின்று கற்றுக்கொண்டேன். தெய்ஸே என்றால் அம்மாவின் அக்கா தங்கை. அங்கே வயதான பெண்மணி யாராக இருந்தாலும் கூச்சமில்லாமல் அப்படிக் கூப்பிடலாம். கற்றுக்கொண்டதில் பாதி, ஃபில்டர் காப்பி போட்டுப் பழகிய கையின் பழக்கங்களை விடுவதுதான். கொதிக்கவிடுவது, ஆற்றுவது, சர்க்கரையைக் கடைசியில் போடுவது, அடி வரை குடிப்பது என்று நமக்குச் சரியாக இருக்கும் ஒவ்வொன்றும் இங்கே தப்பு. அதனால் அந்தக் கோணத்திலிருந்தே எழுதுகிறேன், புதிதாகப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு உதவும்.

அடிப்படை இதுதான். இதில் வடிகட்டுவது கிடையாது, பாலும் கிடையாது. பொடி, சர்க்கரை, பச்சைத் தண்ணீர் மூன்றையும் ஒன்றாகப் போட்டு மெதுவாகச் சூடாக்கி, நுரை பொங்கி வரும்போது இறக்கி, பொடியோடு சேர்த்தே கோப்பையில் ஊற்றி, பொடி அடியில் படிந்ததும் மேலே இருப்பதை மட்டும் உறிஞ்ச வேண்டும். துருக்கிக் காப்பி என்று தனியாக ஒரு கொட்டை ரகம் இருப்பதாக நினைத்துக் கடையில் தேடாதீர்கள். கொட்டை பெரும்பாலும் பிரேசிலில் இருந்து வருகிற அராபிக்காதான், துருக்கிக்கு உரியது போடுகிற முறை. இந்த முறையையும் அதைச் சுற்றிய பழக்கங்களையும் 2013-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

என்னென்ன வேண்டும்

பொடியில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஃபில்டருக்கு அரைத்த பொடி ஆகவே ஆகாது, அது ரவை மாதிரி. இங்கே வேண்டியது மைதா மாதிரி, விரலுக்கு நடுவில் தேய்த்தால் குருணை தட்டவே கூடாது, எஸ்பிரெஸோவுக்கு அரைப்பதைவிடவும் நைஸ். வீட்டு மிக்ஸியில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் இந்தப் பதம் வராது, நான் முயற்சி செய்து ஒரு ஜாரைச் சூடாக்கியதுதான் மிச்சம். காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையில் "சிக்கரி வேண்டாம், மெஷினில் இருப்பதிலேயே நைஸான பதத்தில் அரைத்துத் தாருங்கள்" என்று கேளுங்கள், நடுத்தர வறுவல் போதும். சிக்கரி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நம் டிகாஷனுக்குக் கொழகொழப்பும் நிறமும் தருகிற அதே சிக்கரி, இங்கே பாகு மாதிரி இழுத்துக்கொண்டு ருசியை மறைத்துவிடும். இவ்வளவு நைஸான பொடி சீக்கிரம் வாசனை விட்டுவிடும் என்பதால் நூறு கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். பழைய பொடியில் நுரையும் எழும்பாது, ஏனென்றால் நுரைக்குக் காரணமே புதுசாக வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் வாயுதான்.

அடுத்து பாத்திரம். ஜெஸ்வே என்பார்கள், அடி அகலமாக, கழுத்து குறுகி, நீளமான கைப்பிடி வைத்த சின்னச் செம்பு. கழுத்து குறுகியிருப்பது அழகுக்காக இல்லை, நுரை கலையாமல் ஒன்றாக ஏறி வருவதற்காக. நல்லது செம்பில் செய்து உள்ளே வெள்ளீயம் பூசியது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நம் ஊரில் கலாய் பூசுவது என்றும் சொல்வோமே, துருக்கியிலும் வெள்ளீயத்துக்குப் பெயர் கலாய்தான், பூசுகிறவர் கலாய்ஜி. ஜெஸ்வே கிடைக்காவிட்டால் குறுகலான வாயுள்ள எந்தக் குட்டிப் பாத்திரத்திலும் ஆரம்பிக்கலாம். தாளிப்புக் கரண்டியில் மட்டும் வேண்டாம், வாய் அகலம், நுரை நிற்காது. இன்டக்‌ஷன் அடுப்புக்காரர்களுக்கு ஒரு விஷயம்: வெறும் செம்பு அதில் சூடாகாது, எவர்சில்வரில் அதற்கென்றே அடி வைத்தது வாங்க வேண்டும்.

பாத்திரத்தின் அளவும் முக்கியம். இரண்டு பேருக்குப் போடும் ஜெஸ்வேயில் ஒருவருக்குப் போட்டால் நுரை கழுத்துக்கே வராது. நான் ஆசைப்பட்டு ஒரு கடைவீதியில் ஐந்து கோப்பை பிடிக்கிற பெரிசை, அதுவும் சித்திர வேலை செய்ததை, நல்ல விலை கொடுத்து வாங்கிவந்தேன். தெய்ஸே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "பூ வைக்கலாம்" என்றார். இப்போது அதில் பேனா வைத்திருக்கிறேன்.

கோப்பைக்குப் பெயர் ஃபிஞ்ஜான். அறுபது எழுபது மில்லி பிடிக்கும், கூடவே ஒரு தட்டு. பாரசீகத்தில் பிங்கான் என்று இருந்த சொல் அரபிக்குப் போய் ஃபிஞ்ஜான் ஆகித் துருக்கிக்கு வந்தது, அதே பாரசீகச் சொல் இந்தப் பக்கம் வந்து நமக்குப் பீங்கான் ஆனது. காப்பி என்ற சொல்லே அந்த வழியாக வந்ததுதான்: அரபியின் கஹ்வா துருக்கியில் கஹ்வே ஆகி, டச்சுக்காரர்கள் வாயில் கோஃபி ஆகி, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது.

கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்

காப்பி போடுவதற்கு முன்னால் குடிக்கிறவரிடம் சர்க்கரை கேட்டாக வேண்டும். பிறகு போட்டுக் கலக்கினால் படிந்த பொடி எல்லாம் மேலே வந்துவிடும், காப்பி போச்சு. அதனால் துருக்கியில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி இதுதான், பதிலுக்கு நான்கு சொல் தெரிந்தால் போதும். ஸாதே என்றால் சர்க்கரையே இல்லாமல், நம் சாதாவும் அதுவும் ஒரே சொல். ஆஸ் ஷெக்கெர்லி கொஞ்சமாக, அரை டீஸ்பூன். ஓர்த்தா நடுத்தரம், ஒரு டீஸ்பூன். ஷெக்கெர்லி நல்ல இனிப்பு, இரண்டு. ஷெக்கெர் என்பது சர்க்கரை என்று உங்களுக்கே காதில் கேட்டிருக்கும். முதல் தடவை ஓர்த்தா சொல்லுங்கள். ஸாதேதான் அசல் ருசி என்று யாராவது வீறாப்பு பேசினால் பேசட்டும்.

ஒரு ஜெஸ்வேயில் ஒரே இனிப்புதான் போட முடியும். நான்கு விருந்தாளி நான்கு விதமாகக் கேட்டால் நான்கு முறை போட வேண்டியதுதான், அப்போது ஸாதேயில் ஆரம்பித்து ஷெக்கெர்லியில் முடித்தால் நடுவில் கழுவ வேண்டாம்.

இனி அளவு. குடிக்கப்போகிற கோப்பையாலேயே தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், ஆளுக்கு ஒரு கோப்பை. தண்ணீர் பச்சையாக, முடிந்தால் ஜில்லென்று இருக்கட்டும். ஒரு கோப்பைக்குப் பொடி கும்பாச்சியாக இரண்டு டீஸ்பூன், எடை போட்டால் ஆறேழு கிராம். சர்க்கரையையும் போட்டு, அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே கட்டி இல்லாமல் நன்றாகக் கலக்குங்கள். கலக்குவது இந்த ஒரு தடவைதான். சூடேறிய பிறகு ஸ்பூனை உள்ளே விட்டால் நுரை செத்துவிடும், தெய்ஸே என் கையில் ஒரு தட்டு தட்டியதும் அதற்குத்தான்.

கேஸ் அடுப்பில் இருக்கிற சின்ன பர்னரை எடுத்து, அதிலும் சிம்மில் வையுங்கள். மூன்று நான்கு நிமிஷம் ஆகும். ஒரே நிமிஷத்தில் பொங்கினால் தீ அதிகம் என்று அர்த்தம், தோசைக்கல்லைச் சூடாக்கி அதன் மேல் ஜெஸ்வேயை வைத்தால் சரியாக வரும். போனைக் கையில் எடுக்காதீர்கள். பால் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும், பார்த்துக்கொண்டே இருக்கும்வரை பொங்காது, தலையைத் திருப்பினால் பொங்கிவிடும், இதுவும் அதே ஜாதி. முதலில் ஓரத்தில் கறுப்பாக ஒரு வளையம் கட்டும், பிறகு அந்த வளையம் உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே நடுவில் மூடும், அப்போது மொத்த நுரையும் மெத்தை மாதிரி மேலே ஏறும். விளிம்பைத் தொடுவதற்கு முன் இறக்கிவிடுங்கள். ஸ்பூனால் நுரையை அள்ளி எல்லாக் கோப்பையிலும் சமமாகப் பங்கிடுங்கள், கோப்பையில் நுரை இல்லாமல் காப்பி கொடுப்பது விருந்தாளிக்கு மரியாதைக் குறைவு. மறுபடி ஜெஸ்வேயை அடுப்பில் வைத்து, இன்னொரு முறை ஏறி வந்ததும் இறக்கி, கோப்பையின் ஓரமாக, உயரத்தில் இருந்து இல்லாமல் ஒட்டினாற்போல் ஊற்றுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் நுரையும் போகும், கசப்பும் ஏறும்.

அப்புறம் தயவுசெய்து ஆற்றாதீர்கள். நமக்கு ஆற்றினால்தான் நுரை, இங்கே ஆற்றினால் சேறு.

நுரை எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், இஸ்தான்புல்லில் இஸ்திக்லால் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் 1967-இல் இருந்து இருக்கும் ஒரு சின்னக் கடையின் பெயரையே சொல்லலாம். மண்டாபாத்மாஸ், அதாவது எருமை மூழ்காது! மேலே எருமையை நிற்கவைத்தாலும் உள்ளே போகாத அளவுக்குக் கெட்டியான நுரை என்று பெருமை அடித்துக்கொள்கிறார்கள். நான் போன அன்றைக்குச் சந்து முழுக்கக் குட்டி முக்காலி போட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள், எருமையை நிற்கவைக்க இடமில்லை.

குடிக்கும்போது

கோப்பையோடு ஒரு டம்ளர் தண்ணீரும் லோக்கும் என்கிற துருக்கி மிட்டாய் ஒரு துண்டும் வரும். தண்ணீர் முதலில் குடித்து வாயைச் சுத்தம் செய்துகொள்வதற்கு. இதற்கு ஒரு கதையும் சொல்வார்கள்: விருந்தாளி தண்ணீரை முதலில் எடுத்தால் பசியோடு இருக்கிறார், இலை போடு, காப்பியை முதலில் எடுத்தால் வயிறு நிறைந்திருக்கிறது, பேசிக்கொண்டிருக்கலாம் என்று வீட்டுக்காரர் புரிந்துகொள்வாராம். வாய்விட்டுக் கேட்காமலே பசியைத் தெரிந்துகொள்ளும் இந்த நாசூக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். காப்பி வந்ததும் இரண்டு நிமிஷம் விடுங்கள், பொடி படியட்டும். பிறகு சின்னச் சின்னதாக உறிஞ்சுங்கள், அடியில் கால்வாசி கெட்டியாக வரும்போது நிறுத்திவிடுங்கள். அந்த மண்டிக்குத் தெல்வே என்று பெயர், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

போட்டுக் கொடுத்தவரிடம் "எலினே ஸாலிக்" சொல்ல மறக்காதீர்கள், உன் கைக்கு ஆரோக்கியம் உண்டாகட்டும் என்று அர்த்தம். சமையலுக்கும் இதையே சொல்வார்கள், கேட்டதும் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். ஒரு கோப்பைக் காப்பிக்கு நாற்பது வருஷம் நன்றி உண்டு என்று அங்கே ஒரு பழமொழி. நாம் உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறோம், அவர்கள் காப்பிக்கு நாற்பது வருஷக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

வெறும் வயிற்றில் குடிக்கிற பழக்கம் பெரும்பாலும் இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு அங்கே கஹ்வால்தி என்று பெயர், பிரித்தால் காப்பிக்கு முன்னால் சாப்பிடுவது. எழுந்ததும் பல் துலக்கிவிட்டுக் காப்பி டம்ளரைத் தேடும் ஆட்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவது கேட்கிறது.

கோப்பையைக் கவிழ்த்துக் குறி பார்ப்பது

தெல்வேயின் வேலை இதுதான். ஃபால் என்பார்கள், குறி. குடித்து முடித்ததும் தட்டைக் கோப்பையின் மேல் மூடி, மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு, மூடியபடியே மூன்று முறை சுழற்றி, சட்டென்று கவிழ்த்துத் தட்டின் மேல் வைத்துவிட வேண்டும். கோப்பை ஆறும்வரை தொடக் கூடாது. சீக்கிரம் ஆற, கோப்பையின் மேல் காசோ மோதிரமோ வைப்பார்கள், பணம் பற்றிய கேள்வி என்றால் காசு, கல்யாணம் என்றால் மோதிரம். பிறகு திருப்பினால் உள்சுவரில் மண்டி வழிந்து கோடும் திட்டுமாகப் படம் வரைந்திருக்கும். மீன் தெரிந்தால் அதிர்ஷ்டம், பறவை என்றால் சேதி வருகிறது, நீளக் கோடு பயணம், பாம்பு பகையாளி. பிடி இருக்கிற பக்கம் வீட்டைக் குறிக்கும் என்பது தெய்ஸேயின் கணக்கு, வேறு வீட்டில் வேறு கணக்கு இருக்கலாம். தன் கோப்பையைத் தானே பார்க்கக் கூடாது என்பதில் மட்டும் அவர் பிடிவாதம்.

எப்போது நடக்கும் என்று கேட்டால் "மூன்று காலத்துக்குள்" என்பார்கள். மூன்று நாளா, மூன்று வாரமா, மூன்று மாதமா என்று கேட்டுவிடாதீர்கள், அதில்தான் தொழில் ரகசியமே. குறியை நம்பாதே, குறி பார்க்காமலும் இருக்காதே என்று அவர்களே ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். குடியரசு வந்த பிறகு 1925-இல் தர்காக்களையும் மடங்களையும் மூடிய சட்டம், குறி சொல்வதையும் சேர்த்தே தடைசெய்தது. ஆனால் இஸ்தான்புல் காப்பிக் கடைகளில் குறி சொல்பவர்கள் தாராளமாக உட்கார்ந்திருக்கிறார்கள், காப்பிக்குத்தான் காசு, குறி எங்கள் உபசாரம் என்று பலகை மாட்டிக்கொண்டு. கோப்பையைப் படம் எடுத்து அனுப்பினால் பலன் சொல்லும் செயலிகள்கூட வந்துவிட்டன. முதல் முறை கேட்கிறவர்களுக்கு என் யோசனை, தோழி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயம் தெரிந்தவர் சொல்லும்போதுதான் சுவாரசியம், ஏனென்றால் நேரில் கேட்கத் தயங்குகிற கேள்வியை எல்லாம் கோப்பையில் தெரிவதாகச் சொல்லிக் கேட்டுவிடுவார்கள். தெய்ஸே என் கோப்பையில் கண்டது முக்கால்வாசி "ஊருக்குப் போன் பண்ணாத பிள்ளை."

துருக்கித் தொடர்கள் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு காட்சி தெரிந்திருக்கும். பெண் கேட்டு வந்திருக்கிறார்கள், மணப்பெண்தான் எல்லாருக்கும் காப்பி போட்டுத் தட்டில் ஏந்தி வருவாள், மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பு. சில குறும்புக்காரிகள் மிளகும் வினிகரும்கூடச் சேர்ப்பதுண்டு. அவன் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டால் பொறுமைசாலி, பெண் கொடுக்கலாம். நம் வீட்டுப் பெண்பார்க்கும் படலத்தில் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிடுகிற மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு பரீட்சை இருந்ததே இல்லையே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அங்கே போகிறவர்களுக்கு

ஒரு ஏமாற்றத்துக்குத் தயாராகப் போங்கள். துருக்கிக்காரர்கள் நாள் முழுக்கக் குடிப்பது தேநீர்தான், வயிறு ஒடுங்கின குட்டிக் கண்ணாடி டம்ளரில், பால் இல்லாமல். காப்பியை வெளியிலிருந்து வாங்க வேண்டும், அந்நியச் செலாவணி இல்லாத 1950-களிலும் 70-களின் கடைசியிலும் காப்பிக்குத் தட்டுப்பாடு வந்து, கொண்டைக்கடலையை வறுத்து அரைத்துக் குடித்தார்கள். தேயிலை கருங்கடல் ஓரத்தில் ரீஸேயிலேயே விளைந்தது, 1947-இல் அங்கே முதல் தொழிற்சாலையும் வந்துவிட்டது. ஆகவே காப்பி என்பது சாப்பாட்டுக்குப் பின், விருந்தாளி வந்தால், மனம்விட்டுப் பேச வேண்டியிருந்தால் என்று ஆகிவிட்டது.

தெருவோரம் கஹ்வேஹானே என்றோ கிராத்ஹானே என்றோ பலகை பார்த்து ஆசையாக நுழைந்தால், உள்ளே ஆண்கள் மட்டும் உட்கார்ந்து தேநீரோடு தாயக்கட்டை உருட்டித் தவ்லா ஆடிக்கொண்டிருப்பார்கள், பெண்கள் போனால் எல்லாத் தலையும் திரும்பும். ஆனால் அந்த இடத்துக்குப் பழைய பெருமை உண்டு. 1550-களில் அலெப்போவில் இருந்து ஹகெம், டமாஸ்கஸில் இருந்து ஷெம்ஸ் என்று இரண்டு பேர் வந்து இஸ்தான்புல்லின் தஹ்தகாலேயில் முதல் காப்பிக் கடைகளைத் திறந்ததாக வரலாற்றாசிரியர் பெச்செவி எழுதியிருக்கிறார். கொஞ்ச நாளில் நகரம் முழுக்கப் பரவி, கதைசொல்லிகளான மெத்தாக்களும் காராகோஸ் நிழற்பாவைக் கூத்தும் அங்கேதான் நடந்தன, கூடவே அரண்மனையைப் பற்றிய வம்பும். கடைசியில் நான்காம் முராத் சுல்தான் 1633-இல் கடைகளை மூடவே உத்தரவிட்டார். காப்பி ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே தஹ்தகாலேக்குப் பக்கத்தில் எமினேனுவில், 1871-இல் தொடங்கிய குருகஹ்வெஜி மெஹ்மெத் எஃபெந்தி கடை இருக்கிறது. விலாசம் தேவையில்லை, வாசனையைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். அரைத்த சூட்டோடு காகிதத்தில் மடித்துத் தருவார்கள், வரிசை நீளமாகத் தெரிந்தாலும் சீக்கிரம் நகரும்.

மணலில் ஜெஸ்வேயைப் புதைத்துப் போடும் காப்பியை ஒரு தடவை வேடிக்கை பார்க்கலாம், சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும் என்பதும் உண்மைதான். தெற்கே காஸியான்தெப் போனால் மெனெங்கிச் கேளுங்கள், அது காட்டுப் பிஸ்தாக் காயை வறுத்து அரைத்தது, காப்பிக்கொட்டையே இல்லை, பால் சேர்த்துப் போடுவார்கள், பால் இல்லாமல் தவிக்கிற நம் ஆட்களுக்கு மருந்து. ஊர்ஃபாவின் மிர்ராவில் மட்டும் கவனம். பலமுறை காய்ச்சிச் சுண்டிய கடுங்கசப்பு, பிடியில்லாத கோப்பையில் ஒரு மடக்கு அளவே ஊற்றுவார்கள். குடித்ததும் கோப்பையை ஊற்றினவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், கீழே வைத்தால் அதைத் தங்கத்தால் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றினவருக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்பது அங்கத்திய வழக்கு.

கழுவும்போது தெல்வேயைத் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும், ரோஜாத் தொட்டிக்குப் போடலாம். ஜெஸ்வேயைக் கம்பி நாரால் தேய்த்தால் கலாய் போய்விடும், துணியும் வெந்நீரும் போதும். கோப்பையும் தட்டும் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றால் மட்டும் கழுவ அவசரப்பட வேண்டாம். நினைத்தது நடக்கப் போகிறது, பிரித்துப் பார்க்கக் கூடாது என்று தெய்ஸே சொல்லியிருக்கிறார். அப்படி ஒட்டின ஒரு ஜோடி அவர் வீட்டு ஜன்னலோரம் நான் ஊருக்குக் கிளம்பும்வரை அப்படியே இருந்தது.